ஒரு மணி மாத்திரை

என் தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் கேட்பது அவள் குரல்தான். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அல்லது சலித்துக்கொண்டு உட்காருகிறார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். முதல் நடைமேடைக்கு மேலே படியேறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு கணினித் திரைகள், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி போட இடமில்லை.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். தண்ணீர் பம்பு செய்யும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். எந்தத் தட்டில் எத்தனை வாஷர் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவள் பட்டம் வாங்கியவள். இந்த வேலைக்கு நடந்த குரல் தேர்வுக்கு நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அவள்தான் முதல். இதைப் பட்டறையில் நான் சொல்லாத ஆள் கிடையாது. டீ கொண்டுவருகிறவர்கூட, "நாப்பத்திரண்டு பேர் கதைதானேண்ணே? போன வாரமும் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

அவளுக்குப் பிறவியிலிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடம்புக்குள் சுரக்க வேண்டியதெல்லாம் நீர்போல ஓடாமல் பசைபோலக் கெட்டியாகிவிடும் நோய். நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும், கிருமி அதில் குடியேறும். கணையத்தின் வழி அடைபட்டுப்போவதால் சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் சாறு குடலுக்கு வராது. வியர்வையில் உப்பு அதிகம். குழந்தையாக அவளை முத்தமிட்டால் என் உதடு கரிக்கும். 'உப்பு' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். பிறகு டாக்டர் அவள் வியர்வையைச் சோதித்து நோயின் பெயரைச் சொன்னார். வீட்டில் யாரும் பட்டப்பெயரை மாற்றவில்லை.

ஆறு வருட வேலையில் அவள் ஒரு தடவைகூட மைக்கில் இருமியதில்லை. அதற்காகக் காலையில் ஒன்றரை மணி நேரம் செலவாகிறது. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர். பிறகு உப்புநீரை நெபுலைசரில் ஊற்றிப் புகையாக இழுத்து, குனிந்து நிமிர்ந்து இருமி, சளியை வெளியே எடுக்க வேண்டும். அடுத்தது சளியை இளக்கும் மருந்து, அது ஃபிரிட்ஜில் இருக்கும். நெஞ்சு சுத்தமான பிறகு, கடைசியாகக் கிருமியைக் கொல்லும் மருந்து. ஒரு மருந்தின் மிச்சத்தோடு இன்னொன்றைச் சேர்த்து ஊற்றக் கூடாது. முடிந்ததும் நெபுலைசர் குப்பிகளைக் கழுவி, கொதிநீரில் போட்டு, காயவைக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டுத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

முன்பு எங்களோடுதான் இருந்தாள். என் பிள்ளைகள் இருவரும் பள்ளியிலிருந்து வாரம் ஒரு சளியைக் கொண்டுவருவார்கள். நமக்கு அது மூன்று நாள் மூக்கடைப்பு, அவளுக்கு மூன்று வாரம் ஆஸ்பத்திரி. நான்கு வருடம் முன்பு அவளே பெட்டியைக் கட்டினாள். "அண்ணி, கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்காதீங்க. உங்க பிள்ளைங்க தும்மினா எனக்குத்தான் காய்ச்சல் வருது" என்று சிரித்தாள். நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

இந்த நோய் உள்ளவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவும் கூடாது. ஒருவரின் நுரையீரல் கிருமி மற்றவருக்குத் தொற்றிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்தி உட்காரவைப்பார்கள். அவள் வயதில் ஒரு பெண் பல வருடங்களாக அதே நாளில் வருகிறாள். இருவரும் கதவுக் கண்ணாடி வழியாகக் கையசைத்துக்கொள்வதோடு சரி. தன் நோயைப் புரிந்துகொண்ட ஒரே தோழியோடு அவள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

அவள் தனியாகப் போனபோது நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். பெரிய தாளில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்கு நிற மையில். காலை இத்தனை மணிக்கு இது, இரவு இத்தனை மணிக்கு அது. சாப்பாடு செரிக்கும் மாத்திரை காலை எட்டு மணிக்கு, மதியம் ஒரு மணிக்கு, இரவு எட்டரைக்கு. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. அதனால் அப்படி எழுதினேன். நான்கு வருடமும் சரியாக ஒரு மணிக்குப் பட்டறையிலிருந்து போன் செய்தேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே."

"சரி, வை."

உடனே நோட்டில் ஒரு டிக். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த வருடம் அவள் எடை இறங்க ஆரம்பித்தது. நாற்பத்தாறு கிலோ, நாற்பத்து நான்கு, பிறகு நாற்பத்தொன்றரை. வயிறு உப்புசம், வலி. டாக்டர் வேளைக்கு நான்காக இருந்த மாத்திரையை ஆறாக்கினார். அப்போதும் இறங்கியது. "இன்னும் ரெண்டு சேர்த்துப் போடட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் உடனே கையை உயர்த்தினார். "நீங்களா ஒண்ணுகூடக் கூட்டாதீங்க. எடைக்குத் தகுந்த உச்சவரம்பு இருக்கு. எடை குறையக் குறைய அந்த வரம்பும் குறையும். தாண்டினா குடல் கெட்டுப்போகும்." அடுத்த தடவையும் எடை ஏறவில்லை என்றால் வயிற்றில் சின்ன துளை போட்டு, குழாய் வழியாக உணவு செலுத்த வேண்டியிருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "குழாய் போட்டா தனியா இருக்க விடமாட்டீங்க. உன் வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க சளி. சளி வந்தா மைக் போச்சு. என்னை அந்தக் கண்ணாடி ரூம்ல இருந்து இறக்கிடாதீங்கண்ணே." அவள் அழவில்லை. வண்டி தாமதம் என்று அறிவிக்கும் அதே குரல்.

ஆஸ்பத்திரியிலேயே மருந்து வாங்கும் இடத்தில் அன்று புதிதாக ஒரு மருந்தாளுநர் அம்மா இருந்தார். பையை உடனே தந்துவிடாமல் கேள்வி கேட்டார். வெயிலில் வைக்கிறாயா, காலாவதித் தேதி பார்க்கிறாயா, மாத்திரைக் கூட்டுக்குள் இருக்கும் குருணையைக் கடித்து மெல்கிறாயா? எல்லாவற்றுக்கும் அவள் சரியாகப் பதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டை எடுத்து முன்னால் வைத்தேன்.

"நாலு வருஷம்மா. ஒரு வேளை தவறல. பாருங்க."

அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க சார். ஆனா மாத்திரை நேரம்தான் இருக்கு. சாப்பிட்ட நேரம் எங்க?"

"மதியம் ஒரு மணிதாம்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ சொல்லும்மா. மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவ?"

உப்பு தரையைப் பார்த்தாள். "மூணு, மூணேகால்."

வருடத் தொடக்கத்தில் அவளோடு வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போனார். ஒரு மணியிலிருந்து மூன்று வரை பதினோரு வண்டிகள். மைக்கை விட்டு நகர ஆளில்லை. எனக்கு இது தெரியாது.

"அப்ப ஒரு மணிக்கு எதோட போடுற?"

"ரெண்டு பிஸ்கட்டோட."

"மூணு மணிச் சாப்பாட்டுக்கு?"

"ஒண்ணும் போடறதில்ல. அதான் ஏற்கனவே ஆறு போட்டாச்சே, வயித்துல இருக்கும்னு நினைச்சேன்."

"ஏம்மா, மாத்திரை என்ன வெயிட்டிங் ரூம்ல உக்காந்து சாப்பாடு வர்ற வரைக்கும் காத்திருக்குமா? அரை மணி, முக்கால் மணி. அதோட அதுக்கு வேலை முடிஞ்சிடும்."

என் சத்தம் உயர்ந்துவிட்டது. "ஏன் சொல்லல நீ?"

"நீ கேக்கலையே. போட்டாச்சான்னுதான் கேட்ட. போடாம போட்டாச்சுன்னு உன்கிட்ட எப்படிண்ணே பொய் சொல்றது? அதான் நீ கூப்பிடுறதுக்குள்ள போட்டுக்கிட்டேன்."

மருந்தாளுநர் அம்மா உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். எண்ணிக்கை ஆறிலிருந்து மறுபடி நான்கு. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். முதல் கவளத்தோடு மாத்திரை. சாப்பாடு இழுத்துக்கொண்டே போனால் பாதி ஆரம்பத்தில், பாதி நடுவில். பால் கலந்த டீக்கும் டாக்டர் சொன்ன கணக்கில் வேண்டும், வெறும் பழத்துக்குத் தேவையில்லை. கடிகாரத்துக்கு இதில் வேலையே இல்லை.

திரும்பும் வழியில் அவள்தான் என்னைத் தேற்றினாள். "விடுண்ணே. போர்ட்டர் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்து நின்னுட்டுப் போயிருக்கான். வண்டி வந்தப்ப மூட்டையைத் தூக்க ஆளில்ல. அவ்வளவுதான்."

நான் சிரிக்கவில்லை. என் பட்டறையில் பட்டியலும் தட்டும் ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒருமுறை நேரில் போய் எண்ணிப் பார்ப்பேன். என் தங்கையைப் பட்டியலில் மட்டும் பார்த்திருக்கிறேன். ஐந்து மாதமாக அவள் மூன்று மணிக்கு, ஒரு கையில் டப்பா, மறு கை மைக் பொத்தானின் மேல், தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்கு ஒரு மருந்துக்கடை மேசையில்தான் தெரிந்தது.

அவள் வீட்டு வாசலில், தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இனிமே ஒரு மணிக்குக் கூப்பிடாதண்ணே. நீ கூப்பிட்டா கை தானா மாத்திரைக்குப் போகுது. சாப்பிட உக்காரும்போது நானே போட்டுக்கறேன்."

"அப்ப எப்பக் கூப்பிடுறது?"

"எப்பவாவது கூப்பிடேன். சும்மா பேச."

சும்மா என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. மறுநாள் ஒரு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். வாஷர் தட்டை இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் சரியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து எடை பார்க்கும் நாள். என் சின்னவனுக்குச் சளி, எனக்கும் தொண்டை கரகரப்பு. கூடப் போக முடியாது. அவள் தனியாகத்தான் போனாள். காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. யாரோ நட்டு கேட்டதற்கு போல்ட் எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

இரண்டரை மணிக்குப் போனில் செய்தி வந்தது: நாற்பத்து நாலு கிலோ முந்நூறு கிராம். குழாய் வேண்டாமாம்.

தட்டுகளுக்கு நடுவே நின்றபடியே அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, சாப்பிட்டுட்டு இருக்கேன். அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள்.