பிரேக் மிதித்தால் அணைகிற விளக்கு

வண்டி வயரிங் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: வண்டி நம் முன்னால் நிற்கிற வரைக்கும் கை வேலை செய்யும், வண்டி கிளம்பிப் போன பிறகு வயிறு வேலை செய்ய ஆரம்பிக்கும். அந்த ஸ்க்ரூவை முடுக்கினோமா, டேப் சுற்றினோமா, ஃப்யூஸ் சரியானதுதானா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்போம். தையல்காரர்களே, கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர்களே, ஊசி போட்டு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற கம்பவுண்டர்களே, உங்களுக்கும் இந்தச் சீக்கு உண்டென்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கடை கிடையாது. திருவனந்தபுரத்தில் கரமனையில் குடியிருப்பு. சைக்கிள் கேரியரில் ஒரு தகரப்பெட்டி. கூப்பிட்ட வீட்டுக்குப் போய், அவர்கள் கார் ஷெட்டிலேயே குனிந்து வேலை. நாகர்கோவில் பக்கத்து ஆள் என்பதால் தமிழர்களுக்கு நான் அண்ணாச்சி, மலையாளிகளுக்கு ஆசான். எழுபதுகளின் கடைசியில் ஒரே ஒரு பல்பு என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பின்னால் வருகிறவனுக்குக் கண்

மாதவன் சார் அரசாங்கத்தில் ரோடு போடுகிற எஞ்சினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜகதியில் வீடு. கறுப்பு அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். அதைத் தினமும் இரண்டு தடவை துடைப்பார், வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுவார். அந்த ஒரு தடவை பொன்முடி மலைக்கு. அவர் மகள் அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர். சனிக்கிழமை போய்க் கூட்டிவருவார், திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். ஓட்டுகிற வேகம் என்றால், சைக்கிளில் போகிறவன் முந்தவும் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பான்.

அந்த மழைக்காலத்தில் பொன்முடி வளைவில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியிருந்த நேரம், பின்னால் வந்த லாரி ஒன்று சாருடைய பம்பரில் வந்து முட்டிவிட்டது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் மறுபக்கம் பள்ளம். லாரிக்காரன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்த வண்டியின் பின்விளக்கு மஞ்சில் ஊதுபத்திக் கங்கு மாதிரிதான் தெரியும். வெளிநாட்டு வண்டிகளில் பின்பக்கம் மஞ்சுக்கென்றே பெரிய சிவப்பு விளக்கு இருக்கிறதாம். அவருடைய தங்கை மகன் இங்கிலாந்திலிருந்து படம் வரைந்து அனுப்பியிருந்தான். சார் அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னார்:

“முன்னால் பார்க்க எனக்குக் கண்ணுண்டு ஆசானே. பின்னால வர்றவனுக்குக் கண் இல்ல, அதை நீ உண்டாக்கித் தா.”

சாலையில் தேடியது

அப்படி ஒரு விளக்கு ஊரில் எங்கேயும் கிடையாது. சாலை என்றே பெயருள்ள கடைத்தெருவில் மேலும் கீழுமாக இரண்டு நாள் நடந்தேன். ஒரு கடையில் டிராக்டர் விளக்கின் கூடு கிடைத்தது, ஆனால் கண்ணாடி வெள்ளை. சிவப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்தேன். பல்பு சூடேறினதும் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. கடைசியில் பழைய லாரி விளக்கின் சிவப்புக் கண்ணாடி ஒன்று, ஓரம் கொஞ்சம் பெரிது, அரம் போட்டு ராவி ராவி அந்தக் கூட்டுக்குள் உட்கார வைத்தேன். விரல் இரண்டு கிழிந்தது.

கூட்டை விற்ற கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கல்லாவிலிருந்து எழுந்து நின்றே சிரித்தார்:

“ஓய், ஊர்ல ஒரு பயலுக்கும் முன்னால உள்ள லைட்டே ஒழுங்கா எரியல, நீரு பின்னாலல்லா வெளிச்சம் போடப் போறீரு!”

ஷெட்டில் மூன்று நாள்

ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் வேலை. வீட்டில் செய்தால் மூன்று நாள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். முதல் நாள், விளக்கு நடுவிலா வலது பக்கமா என்று சார் ஸ்கேல் வைத்து அளந்தார். இரண்டாம் நாள், சாரின் மனைவி தங்கம்மா வந்து, வண்டியில் ஓட்டை போடக் கூடாது என்று டிரில்லைப் பிடித்துக்கொண்டார். “பெண் குட்டிக்குக் காது குத்தற மாதிரி ஒண்ணுதான் அம்மா” என்று கெஞ்சி, விளக்கு மாட்ட ஒரே ஒரு ஓட்டைக்குச் சம்மதம் வாங்கினேன்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். கரண்ட் பல்புக்குப் போனால் போதாது, திரும்பி வர வழி வேண்டும். வண்டியின் இரும்புதான் அந்த வழி. அதற்கு எர்த் கம்பியை ஒரு போல்ட்டில் இரும்போடு இரும்பாக முடுக்க வேண்டும். விளக்குக்குத் தனி எர்த் போல்ட் போட இன்னொரு ஓட்டை வேண்டும். அம்மாவிடம் கேட்கப் பயந்து, பக்கத்தில் பிரேக் விளக்குக்கு ஏற்கனவே இருந்த எர்த் போல்ட்டிலேயே இதையும் சேர்த்து முடுக்கிவிட்டேன். போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டினேன். நான் சுரண்டச் சுரண்ட, சார் தன் முழங்கால் சிராய்ந்த மாதிரி அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

மூன்றாம் நாள் சுவிட்சைப் போட்டேன். ஷெட், சுவர், கிணற்றடி, உலர்ந்துகொண்டிருந்த வேட்டி எல்லாம் சிவந்து போயிற்று. பிரேக்கை மிதித்துப் பார்த்தோம், இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தோம், எல்லாம் ஒழுங்கு. தங்கம்மா கையிலிருந்த காப்பியை என்னிடம் கொடுக்க மறந்து நின்றார்:

“இத்தன வெளிச்சம் நம்ம ஹாலில்கூட இல்லல்லோ ஆசானே!”

எல்லாருக்கும் ஒரே தீனம்

முதல் சனிக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறு காலை முதல் ஆளாக ஜகதியில் போய் நின்றேன். சார் வெற்றி வீரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பொன்முடியில் மஞ்சு பால் மாதிரி இறங்கியிருக்கிறது. இவர் விளக்கைப் போட்டதும், பின்னால் வந்த ஒரு ஜீப், கல்யாணமான புது ஜோடியை ஏற்றி வந்த ஒரு டாக்சி, காய்கறி வேன் ஒன்று, மூன்றும் அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு வால் மாதிரி வந்திருக்கின்றன. வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோது, தெரிகிற ஒன்றின் பின்னால்தானே மனுஷன் போவான்? சார் ரோட்டை விட்டுத் திரும்பி எஸ்டேட் ஆஸ்பத்திரி முற்றத்தில் போய் நிறுத்தினார். பின்னாலேயே மூன்று வண்டியும் திரும்பி வரிசையாக வந்து நின்றன. புதுப்பெண் இறங்கி, “ஹோட்டல் இதுதானா?” என்று கேட்டாளாம்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் தங்கம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். ஆனால் சைக்கிளில் திரும்பும்போது என் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு வண்டிக்கு என்று நினைத்து மாட்டின பல்பை நாலு வண்டி நம்பிப் போகிறது. நாளைக்கு ஒரு பஸ்ஸும் நம்பும். அன்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வெளியே வந்து, நாலு வண்டி ஆட்களும் நோயாளிகள் என்று நினைத்துக் கேட்டதாகச் சார் சொன்ன கேள்வி எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது:

“எல்லாருக்கும் ஒரே தீனமா?”

பச்சை கேட்டவர்

சேதி பரவி, பழவங்காடி டாக்சிக்காரர் ஒருவர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தார். ஆனால் சிவப்பு வேண்டாம், பச்சை போட வேண்டுமாம். பச்சை போட்டால் பின்னால் வருகிறவன் வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து வந்து ஏறுவானே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

“வந்து ஏறட்டும் ஆசானே, அதுக்குத்தானே டாக்சி!”

இரண்டு கோட் பெயின்ட்

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பழவங்காடியில் ஒரு வேலை. கூட ராஜமணி இருந்தான். மார்த்தாண்டத்துக்காரன், பெயின்ட்டும் டிங்கர் வேலையும் பார்க்கிறவன், கை சுத்தம். பேச்சோடு பேச்சாக, நேற்று மாதவன் சார் வீட்டில் வேலை செய்ததைச் சொன்னான். நான் சுரண்டிய இடத்தைப் பார்த்துச் சாருக்குத் தூக்கம் வரவில்லையாம். போல்ட்டைக் கழற்றச் சொல்லி, சுரண்டின இடத்தில் பெயின்ட் அடித்து, போல்ட்டுக்கு அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி ரப்பர் வாஷர் வைத்து, திரும்ப முடுக்கி, அதன் மேலும் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

என் கையிலிருந்த வயர் கீழே விழுந்தது. “பொறவு விளக்கு எரிஞ்சுதாடே?” என்று கேட்டேன். “எரிஞ்சுதே, நானேல்லா பாத்தேன்” என்றான். எரியும். அதுதான் ஆபத்து. பெயின்ட்டும் ரப்பரும் குறுக்கே வந்து, திரும்பி வரத் தன் வழி அடைபட்டுப்போன கரண்ட், பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப் புகுந்து போகிற மாதிரி, பிரேக் விளக்கின் கம்பி வழியாகப் போகும். விளக்கு கொஞ்சம் மங்கலாக எரியும். பிரேக்கை மிதித்தால் அந்தக் கம்பியில் எதிர்க் கரண்ட் வரும், கொல்லை வழியும் அடைபடும், விளக்கு அணையும். வண்டி ஓடும்போது எரிகிற விளக்கு, வண்டி நிற்கும்போது அணைந்துபோகும். அந்தப் போல்ட்டை நம்பின பிரேக் விளக்கும் எரியாது, மறுபக்கத்துப் பிரேக் விளக்கோ மஞ்சில் தெரியாது. பின்னால் வருகிறவன் என்ன நினைப்பான்? ராஜமணி பாவம், ஒன்றும் விளங்காமல் சொன்னான்:

“கடல் காத்து, துரு பிடிக்கும்னு சாரு சொன்னாரு அண்ணாச்சி, நான் ஒண்ணுக்கு ரெண்டு கோட்டா அடிச்சுட்டேன்.”

பொன்முடி பஸ்

பக்கத்துக் கடை போனில் ஜகதிக்குக் கூப்பிட்டேன். சார் கிளம்பி அரை மணி ஆகிவிட்டது என்றார் தங்கம்மா. எஸ்டேட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. மழை வந்தால் அந்த லைன் படுத்துவிடும். பெட்டியை ராஜமணியிடம் போட்டுவிட்டு, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினேன். பொன்முடிக்கு ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ பஸ். ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது, தொற்றி ஏறினேன். சார் மெதுவாகத்தான் போவார். அது ஒன்றுதான் எனக்கு நம்பிக்கை. பஸ்ஸில் உட்கார முடியவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே தெரிகிற ஒவ்வொரு கறுப்பு வண்டியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்டக்டர் மூன்று தடவை உட்காரச் சொன்னார்.

அடிவாரத்து விதுர ஊரைத் தாண்டி மலை ஏறினதும் மஞ்சு கட்டிக்கொண்டது. நாலு மணிதான் இருக்கும், ஆனால் பகலுக்கு மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடின மாதிரி. ஒரு வளைவில் முன்னால் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. என் விளக்கு. மங்கல். டிரைவருக்கு முகம் மலர்ந்தது. “நம்ம ஆஸ்பத்திரி விளக்கு! போன வாரம் ஜீப்காரன் சொன்னான். இனி பேடிக்கண்டா, பயம் வேண்டா, இதைப் பிடிச்சாப் போதும்” என்று நெருங்கிப் பின்தொடர்ந்தார். நான் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். பொட்டு அணைந்தது. “ஆள் வளைவு திரும்பிட்டார்” என்று டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையும் ஒன்றாக வந்தது: “சவிட்டு சேட்டா! பிரேக் சவிட்டு! வண்டி முன்னால நிக்குது!”

நான் கத்தின கத்தலில் பயந்தே அவர் மிதித்துவிட்டார். பஸ் தேய்ந்துகொண்டு போய் நின்றது. இறங்கிப் பார்த்தால், பஸ்ஸுக்கும் அம்பாசிடருக்கும் நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைக்கலாம். அம்பாசிடருக்கு முன்னால் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள் தேயிலைக் கொழுந்துக் கூடைகளோடு பத்துப் பன்னிரண்டு தோட்டத்துப் பெண்கள். அவர்களுக்காகத்தான் சார் பிரேக்கை மிதித்து நின்றிருக்கிறார். ஒரு அம்மாள் கூடையை இறக்காமலே, “என்னத்துக்கு இந்தச் சத்தம்?” என்று கேட்டுவிட்டு நடந்தாள். பஸ் டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார்:

“விளக்கு அணைஞ்சா வண்டி நிக்குதுன்னு அர்த்தம், அது எந்த ஊர்ச் சட்டம் ஆசானே?”

மறுபடியும் சுரண்டியது

பஸ்ஸிலிருந்து ஸ்பானர் வாங்கி அந்த இடத்திலேயே போல்ட்டைக் கழற்றினேன். ரப்பர் வாஷரைப் பள்ளத்தில் வீசினேன். பிரயாணிகள் முழுக்க இறங்கி, சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரும்பு வெளுக்கிற வரை சுரண்டினேன். சார் மறுபடி முழங்காலைத் தடவினார். கம்பியை முடுக்கி, அவரை உள்ளே உட்கார வைத்து, “மிதிங்க சார், விடுங்க, மிதிங்க” என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். விளக்கு அசையாமல் எரிந்தது. அப்புறம்தான் நடந்ததை அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். தனி போல்ட் போடாத என் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சார் இறங்கி வந்தார். பஸ்ஸின் மூக்கைப் பார்த்தார். பெண்கள் போன பக்கத்தைப் பார்த்தார். மஞ்சுக்குள் அவர்கள் பேச்சு மட்டும் கேட்டது. என் தோளில் கையை வைத்தார். பிறகு குனிந்து, நான் சுரண்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“எல்லாம் சரி ஆசானே… பக்ஷே, துரு பிடிச்சா?”

இத்தனை வருஷ வேலையில் துருப்பிடித்த வண்டி எதுவும் என்னை இருப்புக் கொள்ளாமல் அடித்ததில்லை. பளபளவென்று துடைத்து வைத்த வண்டிகளை அனுப்பிவிட்டுத்தான் வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.