நாக்கில் வைத்த மண்

அப்பா விட்டுப்போன குட்டை ஜூனிபர் மரத்தை நேற்று வேறு தொட்டிக்கு மாற்றினேன். செம்மண்ணோடு கலப்பதற்கு வைத்திருந்த மணலை மகள் விரலில் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனாள். பதறிக் கையைத் தட்டிவிட்டேன். வெறும் ஆற்று மணல்தான்.

அப்பா பாலகாட் தங்கச் சுரங்கத்தில் துரை பங்களாவின் தோட்டக்காரர். எந்த மண்ணையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் இந்த மரத்துக்குக் கலப்பார். ஒருநாள் தங்கக் கல் அரைக்கும் மில்லுக்குப் பின்னாலிருந்து மாவுபோல வெள்ளை மண் அள்ளி வந்தார். பழக்கத்தில் விரல் வாய்க்குப் போனது. அம்மா பாய்ந்து அடித்தாள்.

"இன்னாய்யா, ஊர்ல கயனி மண்ணு பாக்கற நெனப்பா? தங்கம் எடுத்த சயனைடு மண்ணுய்யா அது!"

"தங்கம் மிச்சம் இருக்குதான்னு பாத்தேன்மே."

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் அவர் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ மட்டும் வெச்சிப் பாத்தியேப்பா?" என்றாள் மகள் நேற்று, நான் தட்டிவிட்ட கையைத் தடவிக்கொண்டே.

என் நாக்கில் செம்மண் இன்னும் கரகரத்தது.