சாண்ட்விச் சோறா, பலகாரமா

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா, கையில் மல்லிகைச் சரத்தோடு எங்கள் சமையலறைக்குள் வந்து நின்றதை நினைத்தால் இப்போதும் திக்கென்று இருக்கிறது. ஓவனில் இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. அது வேகும் முன்பே என் கல்யாணம் முடிவாகிவிட்டது என்றார் அவர்.

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் ஒரு கடையில் பீட்சா போடுவது என் வேலை. திருப்போரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அந்த வேலை எனக்கு உயிர். கல்யாணத்துக்குப் பிறகும் போகலாமா என்று மாப்பிள்ளையிடம் நானே கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அப்பா தலையை ஆட்டினார். அவர் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுபவர், அதனால் நான் அதைப் பெரிதாக நம்பவில்லை.

சம்பந்தம் பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். பஜ்ஜி, கேசரி, காபியோடு சரி. உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. பஜ்ஜிக்குப் பதிலாக என் கைவரிசையைக் காட்டலாமே என்ற ஆசை எனக்குத்தான் வந்தது.

முதல் நாளே பிசைந்து பிரிட்ஜில் வைத்த பீட்சா மாவைக் கையகல வட்டமாகத் தட்டி, மேலே சீஸோ சாஸோ போடாமல் வெறுமனே சுட்டெடுத்தேன். பூரி மாதிரி உப்பி வந்தது. சூடு சற்று ஆறியதும் ஓரத்தில் கத்தியால் கீறிப் பிளந்து, உள்ளே புதினாச் சட்னி தடவி, பன்னீரும் வதக்கிய குடைமிளகாயும் வைத்து மூடினால் சாண்ட்விச். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. கடை ரொட்டியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு ஜொரக்காரனுக்குக் குடுக்குற ரொட்டியாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ரொட்டி இல்லம்மா, பீட்சா மாவு. துன்னு பாரு."

ஒரு வாய் தின்றார். பஜ்ஜிச் சட்டியை அவரே அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

வந்தவர்கள் வஞ்சனை இல்லாமல் தின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாயைத் திறந்ததே தின்னத்தான். மாப்பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டுத் தின்றார். தட்டு காலியானதும் அடுத்த ஈட்டை எடுக்க உள்ளே போனேன். மாப்பிள்ளையின் அம்மா பூவோடு பின்னாலேயே வந்தார்.

"வயிறு ரொம்பிட்ச்சிம்மா. இனிமே மத்யானம் சோறு எறங்காது. கை நனைச்சாச்சு, அப்பறம் இன்னா பேச்சு கீது? திரும்பு, பூ வைக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லையே. எப்படியோ, "என் வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"வேலைக்கு இன்னாத்துக்குப் போவணும்? இத்த நம்ம வூட்லயே செஞ்சி போடு. கடைல எவன் எவனோ துன்றத எம்புள்ள துன்னட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கூடத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையும் சிரித்தபடி ஆமாம் என்று தலையசைத்தார். என் வேலைக்கு உலை வைத்தது நானே சுட்ட சாண்ட்விச். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் சிரிப்பாக வந்த என் அம்மா, திரும்பு திரும்பு என்று என் தோளைப் பிடித்தார்.

அப்போது அப்பா எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"சோறு எங்க போட்டோம்? பலகாரந்தான குடுத்தோம்."

"வயிறு ரொம்புனா சோறுதானே அண்ணே?" என்றார் அந்தம்மா.

"எல போடல, சோறு வடிக்கல. பலகாரம் துன்னதுக்கு முடிவுன்னு கெடையாது. எம்பொண்ணு இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

அந்தம்மா பூவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். இவரா பேசினார் என்று என்னால் நம்பவே முடியவில்லை.

"இப்படிப் பேசுவேன்னு மொதல்லயே ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே தெரியாதும்மா" என்றார்.