நகராத செல்களின் படம்

அவளுக்குச் செல்லம்மா என்று பட்டப்பெயர் வைத்தது அவள் புருஷன்தான். பஸ் ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. அவளுக்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்க்கிற வேலை. "வேலை நாள்லயும் செல்லுக்குச் சாப்பாடு, லீவு நாள்லயும் செல்லுக்குச் சாப்பாடு. செல்லுக்கெல்லாம் அம்மா நீ" என்று ஒருநாள் ஆரம்பித்தவர், அப்புறம் விடவேயில்லை. பெயர் ஆய்வுக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு கூட்டத்தில் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பேராசிரியையே வாய்தவறி, "இதைச் செல்லம்மா விளக்குவாங்க" என்று சொல்லிவிட்டார்.

முன்பு அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். நல்ல வேலை, வீட்டுக்குப் பக்கம். அதை விட்டுவிட்டு அவள் ஆராய்ச்சிக்குப் போனதற்குக் காரணம் நாத்தனார். தையல்கடை வைத்திருக்கிற அந்த அம்மாளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்:

"ஏம்மா, வந்த கட்டி வந்த இடத்துல கிடந்தா வெட்டிப் போட்டுடலாம். இது அக்குள் வரைக்கும் எதுக்குக் கிளம்பிப் போச்சு?"

"தெரியல அண்ணி. அதைத் தேடிக்கிட்டு இருக்கறவங்ககிட்ட போய் வேலைக்குச் சேர்ந்துடறேன்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன வார்த்தை மனசுக்குள் உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் குணமாகி மறுபடி மிஷினில் கால் வைத்த மாதத்திலேயே அவள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

அங்கே, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் திரவத்தில் மார்பகப் புற்றுநோய் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு ரகம் சாது. கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே பெருகும். இன்னொரு ரகத்துக்கு இருப்புக்கொள்ளாது. குட்டிக் குட்டியாகக் கால் நீட்டி, சுற்றியிருக்கிற திசுவின் வலைப்பின்னலைக் கரைத்து, வழி பண்ணிக்கொண்டு கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பச் சொல்லி உத்தரவு போடுவது ஒரு புரதம்தான் என்று பேராசிரியைக்குச் சந்தேகம். அந்தப் புரதத்தை இந்த இரண்டாவது ரகச் செல் தயாரிக்க முடியாமல் செய்துவிட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பது செல்லம்மாவின் வேலை.

சோதனை எளிது. அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சின்னக் கிண்ணம். அதன் தளத்தில், உடம்புத் திசுவுக்குப் பதிலாக, ஜெல்லிப் பூச்சு. மேலே செல்கள், கீழே அவற்றுக்குப் பிடித்த உணவு. ஜெல்லியைத் துளைத்துக்கொண்டு வருகிறவை அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சாயம் போட்டால் ஊதா நிறத்தில் தெரியும்.

புரதத்தை நிறுத்திய செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்று அடிப்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நேரே பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், நான் எங்கயோ சொதப்பிட்டேன்னு நினைக்கிறேன். கீழ ஒண்ணுமே இல்ல."

"மேல பாத்தீங்களா? செத்துக் கிடக்குதா?"

பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். மேலே எல்லாம் உயிரோடுதான் இருந்தன. பெருகிக்கொண்டுகூட இருந்தன. கிளம்பத்தான் இல்லை.

பேராசிரியை உடனே சந்தோஷப்பட்டுவிடுகிற ஆள் இல்லை. "திரும்பச் செய்யுங்க" என்றார். செய்தாள், அதேதான். "இப்போ அந்தப் புரதத்தை அதே செல்லுக்குத் திருப்பிக் கொடுங்க. மறுபடி கிளம்புச்சுன்னா அதுதான் காரணம்னு நம்பறேன்."

கொடுத்தாள். சாயம் போட்டுப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்க ஊதாப் புள்ளிகள். போக்கிரிகள் அத்தனையும் ஜெல்லியைத் துளைத்து வந்துவிட்டிருந்தன. செல்லம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினாள். புற்றுநோய் ஊர்ந்து போனதற்குக் கைதட்டிய ஆள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றி, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேராசிரியை வந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, அதுவரை யாரும் பார்த்திராதபடி, செல்லம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். செல்லம்மா சோறு பரிமாறிவிட்டு டிவியில் படம் போட்டாள். ஜெல்லிக்குள் செல்கள் நகர்வதை மணிக்கணக்கில் எடுத்து, சில நிமிஷங்களாகச் சுருக்கிய படம். முதலில் கிளம்புகிற செல்கள். கால் நீட்டி, முட்டி மோதி, போய்க்கொண்டேயிருந்தன. அடுத்தது புரதம் நிறுத்தப்பட்டவை. இருந்த இடத்திலேயே லேசாக நெளிந்துகொண்டிருந்தன.

"படத்துல ஒண்ணுமே நடக்கலயே" என்றார் புருஷன்.

"அதுக்குத்தாங்க இத்தனை வருஷப் பாடு."

நாத்தனார் டிவிக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதுக்கு மருந்து வந்துடுச்சா?"

"இல்ல அண்ணி. இது ஆய்வுக்கூடக் கிண்ணத்துல நடந்தது. உடம்புக்குள்ள வேற கதையா இருக்கலாம். இன்னும் ரொம்ப தூரம் போகணும். ஆனா தாழ்ப்பாள் போட வேண்டிய ஒரு கதவு தெரிஞ்சிருக்கு."

நாத்தனார் தலையாட்டினாள். பிறகு திரையில் நெளிந்துகொண்டிருந்த ஒரு செல்லைப் பார்த்து, "உக்காரு, எங்கயும் போகாம அங்கயே உக்காரு" என்று மிரட்டினாள். புருஷனுக்குப் புரையேறிவிட்டது. தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டே அவள், "இன்னொரு தடவை போடு. அந்த ஒண்ணும் நடக்காத பாகத்தை மட்டும்" என்றாள்.

செல்லம்மா போட்டாள். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, தட்டில் சோறு ஆற ஆற, கடைசிவரை பார்த்தார்கள்.