வாசலுக்கு வந்த பிடியரிசிக் கூடை

எழுபதுகளின் நடுவில், கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கு, மிளகு கிடங்குகள் இருக்கிற ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை தூக்குவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்த எனக்கு அந்த ஊர்ப் பேச்சு பாதி புரியும், பாதி புரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், பூட்டிக் கிடக்கும் கிடங்கின் வராந்தாவில் சந்துப் பெண்கள் கூடுவார்கள். ராவுத்தர் வீட்டு உம்மா, தையல்காரச் சேச்சி, கொங்கணி வீட்டு மாமி என்று எல்லா வீட்டாரும் உண்டு. நடுவில் உம்மாவின் பிரம்புக் கூடை இருக்கும். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, வாரக் கடைசியில் அந்தக் கூடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கூடை எந்த வீட்டுக்குப் போகிறது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் கேட்டேவிட்டேன். “அது கேக்கக் கூடாது மோளே” என்றார் உம்மா.

கூட்டம் என்றால் யாராவது எழுந்து நின்று பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளைக்கு இருமல் நின்றதா, ரேஷன் கடையில் என்ன வந்தது, இதுதான் பேச்சு. அதிலும் உம்மா ஒருவர் விடாமல் “இன்னைக்கு எந்தா கறி?” என்று கேட்பார். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதானா இவர்களுக்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் மூட்டை தூக்கும்போது வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படுத்தவர் எழவில்லை. வேலைக்குப் போனால்தான் கூலி. சோறு கஞ்சியாகி, கஞ்சியும் தண்ணீராகிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் இரண்டும் பசியில் சிணுங்கிக்கொண்டே தூங்கின. நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கை நீட்டியதில்லை. பானையை வழித்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு, இருந்ததில் நல்ல சேலையை உடுத்தி, அந்த ஞாயிறும் போனேன்.

“இன்னைக்கு எந்தா கறி?”

“மத்திக் குழம்பு உம்மா. பிள்ளைங்களுக்கு அது ஒண்ணு இருந்தாப் போதும்.”

சேச்சி உம்மாவைப் பார்த்தார். மாமி சட்டென்று தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன்? ஒன்றும் விளங்காமல் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் உம்மாவும் சேச்சியும் கூடையோடு எங்கள் வாசலில் நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நாங்க கேட்டோமா? எடுத்துட்டுப் போங்க.”

உம்மா கோபப்படவில்லை. “கொண்டு போறோம். ஆனா இதுல நீ போட்ட அரியும் உண்டல்லோ? உன்னோடதை நாங்க எப்படிக் கொண்டு போறது? அதைப் பொறுக்கி எடுத்துக்கோ.”

வீம்புக்கு நானும் முறத்தை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மற்ற வீடுகளில் சிவப்பு அரிசி, என்னுடையது வெள்ளை. வெள்ளையைப் பொறுக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கை தடுமாறியது. வெள்ளையிலேயே குட்டை இருந்தது, நீளம் இருந்தது, நொய் இருந்தது. மாமி வீட்டிலும் வெள்ளைதானே? இதில் எது என்னுடையது?

சேச்சி ஒரு அரிசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, “எடீ, இது உன்டெயா, மாமியோடதா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அதற்குள் சின்னவள் எழுந்து வந்து, முறத்திலிருந்து வேகாத அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

“மதி மோளே, போதும். உலை வை” என்றார் உம்மா.

வைத்தேன். வெள்ளை குழைந்த பிறகும் சிவப்பு வேகவில்லை. அந்தச் சோற்றைத்தான் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் எழுந்து வேலைக்குப் போகும்வரை கூடை வந்தது.

வெகுநாள் கழித்துச் சேச்சியிடம், எங்கள் வீட்டுப் பட்டினி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “கடல் கலங்கி அந்த வாரம் ஒரு வள்ளமும் எறங்கல. போர்ட் கொச்சி முழுக்க மீன் இல்ல. உன் சட்டிக்கு மட்டும் மத்தி எங்கேருந்துடீ நீந்தி வந்துச்சு?”

அப்போதுதான் அந்தக் கறிப் பேச்சு எதற்கென்று எனக்கு உறைத்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை, யார் முகமும் வாடாமல் அவர்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். எனக்குத்தான் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

கொடுக்க எனக்கு முன்பே தெரியும், தலை குனியாமல் வாங்கிக்கொள்ள அந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன். இரண்டில் எதற்கு அதிகத் தைரியம் வேண்டும் என்று இந்த வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.