ஜெய்த்தூனுக்கு நான் வாசித்துச் சொன்ன தாள்

காலை எட்டு மணி இருக்கும். ஜெய்த்தூனின் மகள் பர்வீன் போனில் அழைத்தாள். "கலாம்மா, அம்மா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறாங்க, வந்துருங்க" என்றாள். வாரேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுத் தல்லாகுளம் வீட்டின் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். முதலில் அழுகை வரவில்லை. தூக்கத்திலேயேவா என்ற நினைப்புதான் வந்தது. அதற்குப் பெயர் பொறாமை. ஜெய்த்தூன் மேல் ஆறு வருடமாக எனக்கு இருந்த பொறாமை, அவர் இறந்த செய்தி வந்த நிமிடத்திலும் இடத்தை விட்டு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் இதயக் கருவிப் பரிசோதனைக்கு வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். காஜிமார் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். நம்மில் பாதிப் பெண்கள் அவர் தைத்த ரவிக்கையைத்தான் போட்டிருக்கிறோம். தோள் எலும்புக்குக் கீழே கருவி புடைத்துத் தெரியாமலும் தையல் அதன்மேல் உராயாமலும் வெட்டத் தெரிந்த கை அவருடையது. "உசுரக் காக்குற பெட்டி, அத உறுத்த விடலாமா" என்பார். நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்லது பேசுவீர்கள். பேச வேண்டியதுதான். நான் அவருக்குச் செய்ததை எழுதாமல் விட்டால், என் பங்குக்கு எழுதும் இது அஞ்சலி ஆகாது.

எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் கருவி வைத்தார்கள். துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுபோகப் பார்க்கும்போது உள்ளேயிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி. அடுத்தடுத்த கட்டில். நான் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் பார்க்கப் பழைய அலுவலகத் தோழி இரண்டு தடவை வந்தாள். ஜெய்த்தூனின் கட்டிலைச் சுற்றி எப்போதும் ஆள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் பர்வீன் தாயின் தலையை வாரிப் பின்னிவிடுவாள். நர்சுகள் என்னிடம் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரிடம் நின்று பேசுவார்கள். மத்தியானத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்குவார். நான் கூரையைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்களைப் பார்த்த டாக்டர் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கருவி வைத்தவர்களில் யாருக்கு நன்றாகப் போகும், யாருக்குப் போகாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு. வயது, சர்க்கரை, சிறுநீரகம், இதயம் எவ்வளவு பலமாக இரத்தத்தைத் தள்ளுகிறது என்பது, எல்லாவற்றையும் கணினியில் போட்டு எங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். வீட்டுக்குப் புறப்படும் நாளில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். இது உங்களைப் போன்ற பலரையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வது, உங்கள் ஒருவருக்கான தீர்ப்பு இல்லை என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். தீர்ப்புகளையே படித்துப் பழகிய என் கண் ஒரு வரியில் நின்றுவிட்டது. அதிக ஆபத்துப் பிரிவு.

பர்வீன் மருந்து வாங்கப் போயிருந்தாள். "எனக்கு என்ன போட்டுருக்கு, படிச்சுச் சொல்லு கலா" என்று ஜெய்த்தூன் தன் தாளை நீட்டினார். படித்தேன். குறைந்த ஆபத்துப் பிரிவு. இன்னும் பல வருடம் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கீழே ஒரு வரி வேறு.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றேன். "ஆபத்து கூடன்னு போட்டுருக்கு."

அவர் தாளை வாங்கிச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பர்வீனுக்குத் தெரிய வேண்டாம், பயந்துவிடுவாள் என்றார். "போகுது. துணைக்கு நீ இருக்கியே."

அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதிலிருந்து எட்டாவது மாதம் பர்வீனுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளைக்கு அவனியாபுரத்தில் ஒர்க்ஷாப். பர்வீனுக்கு பி.காம். முடிக்க ஒரு வருடம் பாக்கி இருந்தது. படிப்பு நின்றது. ஏன் இந்த அவசரம் என்று அந்த மண்டபத்தில் ஜெய்த்தூனுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிரியாணி சாப்பிட்டேன். மாப்பிள்ளை நல்ல பையன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டாக்டர் அவரிடம் நல்லாயிருக்கு என்பார். "அவரு எல்லாருக்கும் அதத்தான் சொல்வாரு" என்று ஜெய்த்தூன் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். என் கருவி ஒருமுறை குளியலறையில் ஷாக் அடித்துவிட்டது. அவருடையது ஒருமுறைகூட அடிக்கவில்லை.

மூன்றாம் வருடம் இருவரும் பர்வீனைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் போய்க்கொண்டிருந்தோம். வழியில் எனக்கு இரண்டாவது முறை அடித்தது. ஆட்டோவில் இருந்த ஐந்து பேரும் அலறினார்கள். ஜெய்த்தூன் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, வண்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்ப வைத்தார். அன்று மாலைவரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். "எனக்கும் இதே சீட்டுதான, ஒரு நாளைக்கு வரும். இப்ப பாத்துக்கிட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தாளில் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"புள்ள படிப்ப நிறுத்துனேனே கலா. ஒரு வருசம்தான் பாக்கி இருந்துச்சு" என்றார். குரல் உயரவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் செவ்வாய்க்கிழமை வருவதை நிறுத்தி வெள்ளிக்கிழமை வந்தார். ஜெய்த்தூனுக்கும் கலாவுக்கும் என்ன சண்டை என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். அந்த நாட்களிலும் எனக்குப் பொறாமை போகவில்லை. கோபப்பட அவருக்கு நியாயம் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

பிறகு ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தண்ணீர் வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. பர்வீனை மறுபடி கல்லூரியில் சேர்க்க மனு, பழைய சான்றிதழ், கையெழுத்து என்று இழுத்தடிக்கிறார்கள் என்றார். "நீ கோர்ட்டுல எம்புட்டு பேப்பர் பாத்தவ. நீ கெடுத்தத நீயே சரி பண்ணு." நான்கு முறை பர்வீனோடு அலைந்தேன். சேர்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு படித்து அவள் பட்டம் வாங்கினாள். ஏன் இவ்வளவு அலைகிறேன் என்று அவள் ஒருமுறை கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். அவள் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. ஜெய்த்தூன் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, இதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. கால் வீங்கியது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. குறைந்த ஆபத்துப் பிரிவில் இருந்தவர் எங்கள் கண் முன்னால் கரைந்தார். அதிக ஆபத்துக்காரி நான் அவருக்குத் துணையாகப் படியேறிக்கொண்டிருந்தேன். தாங்கள் போட்ட கணக்கு தவறிவிட்டது என்று டாக்டரே வருத்தப்பட்டார். "நீ சொன்னதுதான் பலிச்சிருக்கு, பாத்தியா" என்று ஜெய்த்தூன் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த முறை நான் சிரிக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கே போகலாம் என்று முடிவான அன்று டாக்டர் ஒன்றை விளக்கினார். இதயம் ஓயும் நேரத்தில் கருவி மறுபடி மறுபடி அதிர்ச்சி கொடுக்கலாம். அது காப்பாற்றாது, வலிக்க மட்டும் செய்யும். விரும்பினால் அதிர்ச்சியை மட்டும் நிறுத்திவிடலாம், அதற்கு அறுவை ஏதும் வேண்டாம். பர்வீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெய்த்தூன் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"அடிச்சா எப்படி இருக்கும் கலா? உனக்குத்தான் தெரியும். மறைக்காமச் சொல்லு."

"நெஞ்சுல மாடு உதைச்ச மாதிரி இருக்கும்" என்றேன். "வலி ஒரு நொடிதான். ஆனா அடுத்தது எப்ப வருமோன்னு ஒரு பயம் வந்துரும். எனக்கு இன்னும் அது போகல."

அவர் டாக்டரிடம் திரும்பி, "அப்ப நிறுத்திருங்க" என்றார்.

கருவியின் மேல் எதையோ வைத்து இரண்டு பொத்தான்களைத் தட்டினார்கள். அவ்வளவுதான். நான்காம் நாள் பர்வீன் போன் செய்தாள்.

மன்னித்தேன் என்று ஜெய்த்தூன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவருடைய வீடு, கடை, பேர், அவருக்காக அழுத அத்தனை பேர் எல்லாம் பர்வீனுக்கு. எனக்கு அந்தக் கேள்வி ஒன்று போதும். பெற்ற மகளும் படித்த டாக்டரும் பக்கத்தில் இருக்கும்போது, பொய் சொன்னவள் என்று தெரிந்தே அவர் என்னைக் கேட்டார். என் பதிலை நம்பித் தன் முடிவை எடுத்தார். அதை நான் யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை.