மசோதாவில் கை வைத்த கதை

அச்சுக்கோக்குற வேலைக்கு வந்தவங்களுக்குக் கண்ணு போகும், இடுப்பு போகும். எங்களுக்கு ஜெயில் வாசலும் தெரிஞ்சுது. என்னை மாதிரி ஈய எழுத்தோட மாரடிச்சவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

காகிதப் பஞ்சம்

உலகச் சண்டை நடந்த சமயம். தருமபுரியில எங்களுடையது காலால மிதிக்கிற ஒத்தை மிஷின் அச்சாபீஸ். காகிதமோ குதிரைக் கொம்பு. கல்யாணப் பத்திரிகையோ நாடக நோட்டீஸோ, ஒரு தாளுக்கு மேல போச்சுன்னா முதலாளி கடைசி வரியைப் பிடுங்கிப் போட்டுடுவாரு. கேக்க மாட்டாங்களான்னா, "கடைசி வரி வரைக்கும் எவன்யா படிக்கறான்?"ம்பாரு.

பாப்பாரப்பட்டி சந்தை

சந்தைக்கு வர்ற சரக்குக்குச் சுங்கம் போட, பஞ்சாயத்து போர்டு ஒரு மசோதா அனுப்புச்சு. அதை அச்சடிச்சு ஒட்டி, ஜனங்களோட ஆட்சேபணையைக் கேட்டுட்டுத்தான் சட்டமாக்கணும். மசோதாவுல கடைசி வரி, 'தலைச்சுமைக்குச் சுங்கம் இல்லை.' தாள் நிறைஞ்சுடுச்சு. முதலாளி வழக்கம்போல அதைப் பிடுங்கிட்டாரு. சந்தையில ஒட்டப் போனப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்த வரி இல்லேன்னா தலையில சுமந்து வர்றதுக்கும் சுங்கம்னு ஆயிடும்.

ஒருத்தர் உரக்கப் படிச்சாரு. வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டையைத் தலையில சுமந்துக்கிட்டு வந்த அம்மா அதை இறக்கவே இல்லை. என்னைப் பாத்து, "இதை வித்துத்தானுங்க உப்பு வாங்கணும். சுங்கத்துக்கே போயிட்டா வெறுங்கையோடவா மலை ஏறறது?"ன்னாங்க.

விசாரணை

மறுநாளே போர்டு அதிகாரி வந்து நின்னாரு. மசோதாவுல கை வெக்கறது குற்றம், ஜெயில்தான்னாரு. சந்தையில சுங்கம் வசூல் பண்ற குத்தகைக்காரன், அந்த வரியை எடுக்க என்ன லஞ்சம் குடுத்தான்னு முதலாளியைக் கேட்டாரு.

"யாரும் ஒண்ணும் குடுக்கலீங்க. தாள்ல இடம் பத்தலை."

அதிகாரி பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டாரு. அப்புறம் கேட்டாரு: "சும்மாவாய்யா ஜெயிலுக்குப் போகப் பாத்தே?"

பெரிய எழுத்து

சரியா மறுபடி அடிச்சுக் குடுத்தா மேலிடத்துக்கு எழுதாம விடறேன்னாரு. முதலாளிக்கு இருந்த பயத்துல, மத்ததையெல்லாம் பொடி எழுத்தாக்கி, அந்தக் கடைசி வரியைத் தூக்கி உச்சியில வெச்சு, நாடக நோட்டீஸுக்குப் போடற கொட்டை எழுத்துல அடிச்சுட்டாரு. வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? அதிகாரி பாத்துட்டுத் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. "எடுத்தாலும் குத்தம், எடத்தை மாத்துனாலும் குத்தம்யா. இருக்கற எடத்துல இருக்கவே விடமாட்டியா?"

மூணாவதா அடிச்ச நோட்டீஸ்ல எல்லாம் சரியா இருந்துச்சு; அதுவே சட்டமாகி, மலைக்காரங்க சுங்கம் இல்லாமலே சாமை வித்தாங்க. நாங்கதான் ரொம்ப நாளைக்கு, பத்திரிகை அடிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரையும் போலீஸுன்னு நெனைச்சுப் பின்கட்டுக்கு ஓடினோம்.